பால் வண்டி நகர்ற வரைக்கும்

உக்காருங்க தம்பி, நின்னுகிட்டுக் குடிச்சா டீக்கு மரியாதை இல்ல. உங்க சம்சாரம் காலாற நடந்துட்டு வரேன்னுதான் கிளம்பினாங்க. விடிஞ்சும் விடியாம. இந்த மலையில ஆடுகூட வழி தவறாது, நீங்க ஏன் பயப்படுறீங்க.

போன் போடவா? எங்கேர்ந்து எடுப்பாங்க, அவங்க போனும் உங்க பாக்கெட்லதானே இருக்கு.

காரா? இப்ப எடுக்க முடியாதே. பின்னாடி பால் வண்டி நிக்குது. எங்க வீட்டுக்காரரும் அந்த டிரைவரும் பேச உக்காந்தா கேன்ல இருக்கிற பால் தயிராயிடும்.

அதுவரைக்கும் இங்க என்னென்ன பாக்கலாம்னு சொல்றேன். லீவுக்குன்னு வந்துட்டு ரூமைச் சாத்திகிட்டா எப்படி? அருவி இருக்கு. மேல ஏரியில படகு விடுறாங்க, துடுப்பை நாமளே போடலாம். பழத் தோட்டத்துல வயிறு முட்டத் திங்கலாம், கூடையில போட்டாதான் காசு. உங்க சம்சாரத்துக்குப் படகுன்னா ஆசை. போலாமான்னு அவங்களைக் கேட்டேன், வேணாம்னு நீங்க சொன்னீங்க. சர்க்கரை போடவான்னு கேட்டாலும் நீங்கதான் சொல்றீங்க.

மேசையைத் தட்டாதீங்க, கப் விழுந்துடும். நேத்து ராத்திரி உடைஞ்ச கப்புக்கு நான் ஒண்ணும் கேக்கலையே. மரச் சுவர் தம்பி இது. இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கம் ஆயுசு நூறுன்னு சொல்லணும். நான் குரலை உசத்தினா எங்க வீட்டுக்காரர் வந்து நிப்பார், பால் வண்டிக்காரரும் வருவார். அதனால மெதுவாவே பேசுவோம்.

எங்க போனாங்களா? சொல்றேன், இந்த நாற்காலிக்கு வாங்க. எதிர் மலையில பனி விலகுது பாருங்க. வளைஞ்சு வளைஞ்சு ஒரு ரோடு ஏறுதா? இங்க வர்றவங்களுக்கெல்லாம் நான் காட்டுறது இதைத்தான், சும்மா உக்காந்து பாத்துகிட்டே இருக்கலாம். செவப்பா ஒண்ணு ஊர்ந்து போகுதே, அது காலைப் பஸ். ஒவ்வொரு வளைவுலயும் மறைஞ்சு மறைஞ்சு வரும். அந்த மொட்டைப் பாறை வரைக்கும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியும்.

பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கா? ஒரு ஸ்டாப். அங்க அவங்க அக்கா காரோட நிக்கிறாங்க. நேத்து நீங்க குளிக்கப் போனப்ப அடுப்படி போன்ல ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. சத்தமே வரல, அழுதாங்கன்னு முதுகைப் பாத்துதான் தெரிஞ்சுது.

நடந்துதான் போனாங்க தம்பி, பஸ் ஸ்டாப் வரைக்கும். நான் பொய் சொல்லல.

இருங்க, ஒரு நிமிஷம். இன்னும் ஒரு வளைவு.

ம்.

ஏங்க, வண்டியை எடுக்கச் சொல்லுங்க. தம்பி கிளம்பணுமாம்.