ஆச்சா, மச்சான்?

நான் டீக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. பரவாயில்லை ஐயா, கொண்டுவந்தவரை ஒன்றும் சொல்லாதீர்கள், குடித்துவிடுகிறேன். மாப்பிள்ளைக்குத்தான் சர்க்கரை நிறைய வேண்டும். வரும்போது அவருக்குக் கலந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். செத்துப்போன தங்கையின் புருஷனுக்கு டீ போட்டுக் கொடுத்து, முகம் வழித்துவிடுகிற மச்சானை எங்கேயும் பார்த்ததில்லை என்று பக்கத்து வீட்டம்மா சொல்வார்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ள. விபத்து நடந்த அன்று வண்டியை எடுக்கும் முன் மாப்பிள்ளை என்னிடம் கேட்டாரா, இல்லையா. கேட்கவில்லை. அவர் உங்களிடம் சொன்னது சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டு எழுந்து போனால் அது பாதிக் கட்டு. பாதிக் கட்டு எனக்குப் பிடிக்காது.

எங்கள் வேலை, பொக்லைனை ட்ரெய்லரில் ஏற்றி ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோவது. அவர் ஓட்டுவார், நான் கட்டுவேன். ட்ரெய்லர் பலகைமேல் ஏறி நின்றதும் அது அசையவே அசையாது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அவ்வளவு எடை. அந்த எடைதான் ஆபத்து. முதலில் அது நகர்கிற இரும்புப் பட்டைகளில் ஒட்டியிருக்கும் சேற்றைச் சுரண்ட வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கும். அதன் கையை மடக்கி, மண் அள்ளும் வாளியைப் பலகைமேல் இறக்கிவைக்க வேண்டும். அப்புறம் நாலு மூலைக்கும் சங்கிலி. முன்சங்கிலிதான் முன்னால் போகாமல் பிடிக்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. பிரேக் போடும்போது பாய்கிற எடையைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது பின்சங்கிலிகள். அவை விட்டால் எடைக்கு முன்னால் இருப்பது ஓட்டுநரின் கேபின்.

கட்டி முடித்ததும் ஒவ்வொரு சங்கிலியையும் கம்பியால் தட்டுவேன். இறுகியிருந்தால் கணீர் என்று கேட்கும். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல். ஓட்டுநர் "ஆச்சா?" என்பார், கட்டினவன் "ஆச்சு" என்பான். அதைக் கேட்காமல் வண்டி நகராது. ஒருநாள் நான் வாய்தவறி "போகலாம்" என்றுவிட்டேன். மாப்பிள்ளை இன்ஜினையே அணைத்துவிட்டார்.

"போகலாமா வேணாமான்னு நான் பாத்துக்கறேன் மச்சான். ஆச்சா, ஆகலையா? அதைச் சொல்லுங்க."

யார்டே சிரித்தது. அவருக்கு அப்படி ஒரு வாய். "மச்சான் கட்டினா அவிழாதுப்பா. என்னையே பாருங்க, தங்கச்சியோட சேத்துக் கட்டிவிட்டார், இன்னிவரைக்கும் அசைய முடியலை" என்பார். நானும் சிரிப்பேன். உண்மைதானே. கூட வேலை செய்தவரைப் பார்த்துப் பிடித்து அவளைக் கட்டிக்கொடுத்தது நான்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதும் நான்தான். முதலில் கோணலாக வரும். அந்தக் கோணல் பின்னலோடேயே பள்ளிக்கூடம் போவாள். யாராவது கேலி செய்தால், "எங்கண்ணன் போட்டது, உங்கண்ணன் போடுவானா?" என்பாளாம்.

ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தபோது கன்னத்தெலும்பில் கன்றிப்போயிருந்தது.

"என்னடி இது?"

"அடுக்களை அலமாரிக் கதவு அண்ணே. தானாத் திறந்துக்குது. நிமிர்ந்தேன், இடிச்சிடுச்சு."

"கதவுக்குக் கை முளைச்சிருக்கா?"

"முளைச்சிருந்தா பாத்திரமாவது தேய்ச்சிருக்குமே."

சிரித்தாள். அடிபட்டவள் இப்படித்தான் சிரிப்பாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார். இல்லை என்பவரிடம் எதற்குக் கேட்பது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, தூரத்தில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு அங்கேயே போகிறோம் என்றார்கள். வெளியே தெரியாத இடத்துக்கு அவளைக் கொண்டுபோகிறார் என்று எனக்குப் பட்டது. போகாதே என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமேலாவது நீ உனக்குன்னு ஒரு வாழ்க்கையைப் பாரு அண்ணே. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அந்தப் பேச்சுக்காக நான் எதுவும் செய்யவில்லை. நான் செய்தது அவள் கன்னத்துக்காக. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விரிசல் கண்ட சங்கிலிக் கொக்கிகளுக்குச் சிவப்புப் பூசி, யார்டு மூலையில் உள்ள டிரம்மில் போட்டுவைப்பது என் வழக்கம். தெரியாமல்கூட யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. மாப்பிள்ளை ஓட்டப்போகும் கடைசி வண்டி அது. அன்று காலை அந்த டிரம்மிலிருந்து இரண்டு கொக்கிகளை எடுத்தேன். பின்சங்கிலிகளுக்கு. பட்டையில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டாமல் விட்டேன். அதில் கொஞ்சம் எடுத்துச் சிவப்பின்மேல் தடவினேன். காய்ந்ததும் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. கம்பியால் தட்டிப் பார்த்தேன். பழக்கம்தான். விரிசல் இருந்தாலும் சங்கிலி இறுகித்தான் இருந்தது, கணீர் என்றது.

அவள் மறுநாள் பஸ்ஸில் பாத்திரம் பண்டங்களோடு போவதாகத்தான் பேச்சு.

அடுத்தது உங்களுக்கே தெரியும். இறக்கத்தில் முன்னால் போன வண்டி நின்றது, மாப்பிள்ளை பிரேக் போட்டார். ஓட்டியதில் ஒரு தப்பும் இல்லை. பொக்லைனின் கை கேபினுக்குள் வந்தது, அவர் பக்கம் அல்ல, பக்கத்து இருக்கைப் பக்கம். அவர் கதவோடு வெளியே விழுந்தார். ஒரு கால் போயிற்று. கண் விழித்தபோது அந்த நாள் முழுதும் அவர் நினைவில் இல்லை. இன்னும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி உள்ள இருக்கான்னு தெரிஞ்சிருந்தா எத்தனை தடவை பார்த்திருப்பான்" என்று அழுதார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர்கள் வீட்டைக் காலி செய்ய நான்தான் போனேன். அடுக்களையில் கீழே கிடந்த டப்பாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அலமாரிக் கதவு தானாகத் திறந்திருந்தது. அதன் முனை என் கழுத்தில் இடித்தது. அவள் என்னைவிட ஒரு சாண் குட்டை.

அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் மூடி மூடிப் பார்த்தேன். மூடியதும் மெதுவாகத் திறந்துகொண்டது. கீலின் திருகாணி தேய்ந்துவிட்டிருந்தது. ஒரு திருகாணி மாற்றினால் சரியாகிவிடும்.

மாப்பிள்ளை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார், அவள் கல்யாணத்துக்கு முன் இருந்த அறையில். ஒவ்வொரு நாளும் ஒரே கணக்குப் போடுவார். "நான் ஆச்சான்னு கேட்டிருந்தா நீங்க இன்னொரு தடவை பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பீங்க. உங்க கட்டு விடாது. அப்போ நான் கேக்காமயே எடுத்திருக்கேன். என் அவசரம்தான் அவளை முழுங்கிடுச்சு மச்சான்." அதைத்தான் உங்களிடமும் சொல்லி, தண்டனை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

இன்று காலை முகம் வழித்துவிடும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். டிரம், கொக்கி, சேறு, எல்லாம். கத்தி அவர் தொண்டையில் இருந்தது, அவர் அசையவே இல்லை. முடித்ததும் சோப்பு நுரையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைக் காப்பாத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க மச்சான். அவ கேட்டா தாங்குவாளா? நீங்களும் உள்ள போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

நீங்களும் நம்ப மாட்டீர்கள் என்று தெரிகிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். துக்கத்தில் பேசுகிறான், மாப்பிள்ளையைக் காப்பாற்றப் பேசுகிறான் என்று நினைக்கிறீர்கள். கொக்கி இரண்டும் உங்களிடம்தானே இருக்கின்றன. கழுவிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதும் அதைத்தான்.

அவர் கேட்கவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேபின் கண்ணாடி இறங்கியது. மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் கடைசி நேரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். தலையை வெளியே நீட்டி, புருஷன் மாதிரியே குரலைக் கனமாக்கிக்கொண்டு, "ஆச்சா, மச்சான்?" என்றாள். சொல்லிவிட்டுத் தாங்க முடியாமல் சிரித்தாள்.

இறங்கு என்று சொல்ல நேரம் இருந்தது. ஏன் என்பாள். அவர் சுற்றி வந்து கொக்கியைப் பார்ப்பார். நான் கட்டிய கட்டை யார்டில் எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள். அவள் எப்படியும் போகத்தான் போகிறாள்.

"ஆச்சு" என்றேன்.

அவர் ஏறியதும் அவளே அவரிடம் சொல்லியிருப்பாள். அதனால்தான் அவர் கேட்கவில்லை.

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடப் பொய்யாகச் சொன்னதில்லை ஐயா. அன்றைக்கும்தான்.