மீஞ்சூரிலேயே முடிந்த மதியச் சோறு

ரயிலில் நான் யாரிடமும் வாய் கொடுப்பதில்லை. காது மட்டும் அதன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். நேற்றுக் காலை கும்மிடிப்பூண்டி வண்டியில் எனக்கு எதிரே கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் காலி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்:

“மத்தியான சோறு மீஞ்சூர்லியே முடிஞ்சிடுச்சிக்கா.”

“ஊட்ல நாஷ்டா துன்னலியாடி செல்வி?” என்றாள் பெரியவள்.

“ஆறு இட்லி துன்னேன். பசியே இல்லக்கா. இன்னிக்கி ரெண்டு மணிக்கு லிஸ்ட்டு ஒட்றாங்க இல்ல, யார வெச்சிக்கிறாங்க, யார நிறுத்தறாங்கன்னு. நெனைச்சாலே நெஞ்சு படபடங்குது. வாயில எதனா மென்னுகினு இருந்தாதான் அடங்குது.”

“அதுக்குப் பேரு பசி இல்லடி, பேஜாரு. லிஸ்ட்டு ஒட்றதுக்குள்ள இந்த வண்டியயே துன்னுடுவ போல.”

செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தாள்.

“உனுக்கு பயமே இல்லியாக்கா? உன் பேரும் அதுலதான வரணும்?”

பெரியவள் தன் டிபன் பாக்ஸை எடுத்துச் செல்வியின் மடியில் வைத்தாள்.

“தூக்கிப் பாரு, காலைல நாஷ்டாவும் துன்னாம இதுலயே கட்டிகினு வந்தேன். எனுக்கு ரெண்டு நாளா தொண்டையில எறங்கல. நேத்து கட்னத அப்பிடியே ஊட்டுக்கு எட்துகினு போயி நாய்க்குப் போட்டேன்.”

வண்டி கவரைப்பேட்டையைத் தாண்டியது. முறுக்கு கடிபடாமல் செல்வியின் கையிலேயே இருந்தது.

“மத்தியானம் என் சோத்த ஆளுக்குப் பாதியா துன்னலாம்,” என்றாள் பெரியவள்.

“லிஸ்ட்ட பாத்துட்டா?”

“பாக்கறதுக்கு முன்னாடியே.”