பதினொரு பச்சைப் புள்ளிகள்

உங்க ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை சார், வீணாக்க மாட்டேன்.

குரியாக்கோஸ் அப்பச்சனைப் பார்த்துக்கொள்ள நான் இந்தப் பாலா ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. எண்பத்தொரு வயது, நினைவு தப்பியவர். மகன் ஜோபிச்சன் அயர்லாந்தில் இருக்கிறார். போன லீவில் வந்தபோது கேட், மோட்டார், விளக்கு, கேமரா என்று பதினொரு கருவிகளைப் பொருத்திவிட்டுப் போனார். எல்லாம் நெட்டில் ஓடுபவை. தொடர்பில் இருந்தால் அவர் போனில் பச்சைப் புள்ளி, அறுந்தால் சிவப்பு. கேமராவைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. புள்ளிகளைத்தான் பார்ப்பார். அப்பச்சன் படுக்கும் அறையில் மட்டும் எதுவும் வைக்கவில்லை. அப்பன் என்ற மரியாதை.

அப்பச்சனுக்குக் கேமராவின் வெளிச்சம் ஆகாது. எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார். ஐந்து நிமிடத்தில் போன் வரும்.

"சேச்சி, ஹால் கேமரா போச்சு. அப்பச்சன் கைவரிசைதானே?"

"ஆமா மோனே. இப்பத்தான் சொருகினேன்."

"ஒரு வயசானவரப் பிடிச்சு வெக்கத் தெரியலையா? இன்னொரு தடவை சிவப்பு விழுந்தா ஏஜென்சில சொல்லி வேற ஆள வரச் சொல்லிருவேன்."

பிடித்து வைக்கச் சொன்னது அவர்தான் சார். பழைய வேட்டியைக் கிழித்து அப்பச்சனின் இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினேன். முதல் நாள் அவர் சிரித்தார்.

"ஓமனே, இருபத்தெட்டு வருஷம் கண்டக்டரா இருந்தவன்டி நான். எத்தன பேர இறக்கி விட்டிருக்கேன். என்னையவே கட்டிப் போடுறியா?"

அப்புறம் கெஞ்சினார். "ஹால் சுவத்துல ஒரு கண்ணு முழிச்சுப் பாக்குதுடி. அத மட்டும் மூடிட்டு வந்துடறேன். அவுத்து விடு."

கஞ்சி ஊட்டினேன், துடைத்துவிட்டேன், பவுடர் போட்டேன். ஒரு வேளையும் தவறவில்லை. ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு ஏலியம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னடி, அப்பச்சன் இந்தக் கத்து கத்துறாரு?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து சத்தமில்லை.

புதன்கிழமை காலை மீன் வாங்கப் போனேன். மழையில் பஸ் கிடைக்கவில்லை. திரும்பும்போது மூன்று மணி. அப்பச்சனின் உதடு நீலமாக இருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. கட்டை அவிழ்த்து, கையை நெஞ்சின் மேல் மடித்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் ஜோபிச்சன் கூப்பிட்டார். "பத்தொன்பது நாளா ஒரு சிவப்புகூட இல்ல. நீங்க கெட்டிக்காரி சேச்சி. அப்பச்சன் எங்க?"

"தூங்குறார் மோனே."

இரண்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைதான் சொன்னேன்.

கட்டு வலித்திருக்குமே என்று கேட்கிறீர்கள். ஏலியம்மா கேட்ட மறுநாளிலிருந்து, வலிக்கிறது என்று அவர் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை சார். புதன்கிழமை வாயிலிருந்த துணியை எடுத்தபோதும் சொல்லவில்லை.