கடலின் மேல்தோல்

ஓசூரில் கருவி செய்யும் ஷெட்டில் வேலை பார்ப்பவனுக்குக் கடலோடு என்ன உறவு என்று உங்களுக்குத் தோன்றலாம், ஐயா. கப்பல் ஏறும்வரை நான் கடலைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் தண்ணீரைத் தொடாமல், அதிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரை வைத்தே கடலின் சூட்டைச் சொல்லும் கருவியை நாங்கள்தான் செய்தோம். ஷெட்டில் தொட்டித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே சோதிப்போம். வெப்பமானியும் கருவியும் ஒரே அளவைக் காட்டும்.

கடலில் சோதிக்கப் போன கப்பலில் அப்படிக் காட்டவில்லை. வாளியில் அள்ளிய தண்ணீரைவிடக் கருவி எப்போதும் சற்றுக் குறைத்தே சொன்னது. முன்பு அனுப்பியவை பழுது என்று திரும்பி வந்திருந்தன. இதுவும் வந்தால் ஷெட்டை மூடிவிடுவார்கள். நான் சொந்த ஊரான கல்லாவிக்குத் திரும்பி, சந்தையில் மைத்துனருக்கு மூட்டை தூக்க வேண்டும். மனைவி ஜெய்னப் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஒரு திருகைத் திருப்பி, வாளி சொன்னதையே கருவியும் சொல்லும்படி செய்தேன்.

என்னோடு ஷெட்டிலிருந்து வந்த ஜெபதுரை மறுநாளே கண்டுபிடித்துவிட்டான். கோபப்படவில்லை. நல்லவன்.

“பாய், மிசினு கடலோட மேல்தோலத்தான் பாக்குது. அது காத்துல ஆறியிருக்கும். வாளி அதுக்குக் கீழ இருக்குற தண்ணிய அள்ளுது. முன்ன காட்டுனதுதான் சரி. ஆபீசருங்ககிட்ட சொல்லிப்புடலாம்.”

“திருகுனது நானுன்னு சொல்லுவியா?”

“சொல்லாம எப்பிடி பாய்?”

அன்று வாளி இறக்கக் கப்பல் நின்றது. எல்லோரும் பின்பக்கம் இருந்தார்கள். கருவி இருந்த முன்பக்கம் நாங்கள் இருவர்தான். கருவியின் கண்ணாடியில் படிந்த உப்பை அப்போதுதான் துடைப்போம். ஒருவர் கம்பிக்கு வெளியே சாய்வார். மற்றவர் அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். நான் தள்ளவில்லை, ஐயா. கயிற்றை விட்டேன், அவ்வளவுதான்.

கடலில் விழுந்தவன் கருவிக்கு நேர் கீழே தண்ணீருக்கு மேல் தலைதூக்கினான். “பாய்” என்று கூப்பிட்டான். என் பக்கத்தில் கருவியின் அளவைத் தாளில் கோடாக இழுத்துக்கொண்டிருந்த ஊசி சட்டென்று ஏறியது. இறங்கியது. மறுபடி கொஞ்சம் ஏறியது. அது கடலின் சூட்டுக்கு வந்து அசையாமல் நின்ற பிறகுதான் ஆட்களைக் கூவினேன்.

கால் தவறி விழுந்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் தாளில் இருக்கும் அந்த ஏற்றத்துக்குக் கப்பல் அதிகாரிகளுக்குக் காரணம் தெரியவில்லையாம். கருவி பழுது என்று திருப்பி அனுப்பப்போகிறார்களாம். ஷெட்டில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்த அதிகாரிகளிடம் சொல்லிவிடுங்கள். அது பழுதில்லை, ஐயா. அது ஜெபதுரை.