நாலாம் நம்பர் மலைக் கொடிகள்

முதலில் உட்கார ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். தோட்டத்து ஆபீசில் என்ன வேண்டுமானாலும் கேள், நாற்காலி மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் என் அம்மா என்னை வளர்த்தாள். லயத்து வீடுகளில் குடியிருக்கிற கூலி ஆட்கள் இங்கே நின்றுதான் பேச வேண்டுமாம். நிற்பதில் எனக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் விஷயம் கொஞ்சம் நீளம். நின்றுகொண்டு சொன்னால் நீங்கள் பாதியை எழுதாமல் விட்டுவிடுவீர்கள்.

நன்றி.

பெயர் தெய்வம்மா. பி.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வகுப்பு. அம்மா காத்தாயி இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அப்பா மண்டபம் முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தத் தாளில் தொழில் என்ற இடத்தில் ‘தொழிலாளியின் மகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தலைகீழாகப் படிக்க எனக்கு வரும். அதை அடித்துவிடுங்கள்.

இப்போது விஷயம். போன மாதம் நாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கப் போன ஒன்பது பெண்கள் வாந்தியெடுத்து விழுந்தார்கள். முந்தின நாள் அங்கே பூச்சி மருந்தடித்திருந்தது. மருந்தடித்த மலையைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நடுவது வழக்கம். அது நிற்கிறவரை யாரும் கொழுந்தில் கை வைக்கக் கூடாது. மருந்தடிக்கும் கருப்புசாமி அண்ணன் கொடியைத் தவறுதலாக ஒன்பதாம் நம்பர் மலையில் நட்டுவிட்டார் என்று அவரை சஸ்பெண்டு செய்திருக்கிறீர்கள். அவர் தவறவில்லை. நாலாம் நம்பரில்தான் ஆறு கொடி நட்டிருந்தார். நன்றாக ஆழமாகவே நட்டிருந்தார். பிடுங்கியவள் நான். இரண்டு நாள் தோள் வலித்தது.

ஏன் என்றுதானே கேட்கிறீர்கள். பட்டமளிப்பு விழாவுக்காக.

கோயம்புத்தூரில் விழா, மத்தியானம் மூன்று மணிக்கு. ஒருவருடன் இரண்டு பேர் வரலாம் என்று அழைப்பில் போட்டிருந்தது. எனக்கு இருப்பது ஒரே ஆள். ஒரு மாதமாக அம்மாவைத் தயார் செய்தேன். செருப்புப் போட்டு லயத்து வாசலில் நடக்க வைத்தேன். என் பெயரைக் கூப்பிடும்போது மட்டும் கை தட்டினால் போதும், முன்னால் போகிற ஊராரின் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டிக் கை ஓய்ந்துவிடாதே என்று சொல்லிக்கொடுத்தேன். கொழுந்துக் கறையில் அவளுடைய விரல்கள் கறுத்துக் கிடந்தன. ஒரு வாரம் சாயங்காலம்தோறும் புளியும் உப்பும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். தோல் உரிந்து ரோஜா நிறம் வந்தது.

“எரியுது புள்ள,” என்றாள்.

“பட்டம் சும்மா வருமா? நான் படிக்கிறப்ப எரியலயா?” என்றேன்.

வாடகைக்கு எடுத்து வந்த கறுப்பு அங்கியைக் காட்டினேன். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “மழைக்கு நாங்க போட்டுக்கிற கம்பளி மாதிரியில்ல இருக்கு. இதுக்கா இத்தன வருசம் படிச்ச? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். என் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்போடு அவளைக் கூட்டிப் போய் அந்த விழா மண்டபத்தில் உட்கார வைக்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மேஸ்திரி நல்லசாமியிடம் நானே போய்க் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “ஏனுங் அம்மிணி, பட்டம் வாங்கறது நீ. உங்கம்மாளுக்கு எதுக்குங்க லீவு? கை தட்டறதுக்கா? கொழுந்து இப்பிடிப் பொங்கிட்டுக் கெடக்கறப்ப ஊட்டுல பொணம் வுழுந்தாத்தானுங்க லீவு.”

பிணம் விழவைக்க நான் போகவில்லை. அதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவுடைய கூட்டம் அந்த வாரம் ஒன்பதாம் நம்பர் மலையில் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் சிவப்புக் கொடி நின்றால் மேஸ்திரி என்ன செய்வார்? காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார். எட்டேகால் பஸ்ஸை அம்மா பிடித்துவிடுவாள். புதுக் கொடி செய்யலாம் என்றால் வீட்டில் இருந்த ஒரே சிவப்புத் துணி அம்மாவின் கூறைச்சேலை. அதை விழாவுக்கு அவள் கட்ட வேண்டும். கிழிக்க முடியுமா? அதனால் விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, மூடுபனி இறங்கியதும், நாலாம் நம்பரில் இருந்த ஆறையும் பிடுங்கி ஒன்பதாம் நம்பரில் நட்டேன். கருப்புசாமி அண்ணன் நடுவது போலவே, இரண்டு மேல்பக்கம், இரண்டு கீழ்ப்பக்கம், இரண்டு பாதையில். ஒரு வேலையை எடுத்தால் ஒழுங்காகச் செய்வது என் பழக்கம்.

நல்லசாமி ஒன்பதாம் நம்பரில் கொடியைப் பார்த்தார். நேற்று ஆட்கள் இறங்கிய பிறகு மருந்தடித்தது இங்கேதான் போல என்று நினைத்து, கொடி இல்லாத நாலாம் நம்பரில் கூட்டத்தை ஏற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொடி சொல்வதைத்தானே அவர் கேட்க முடியும்.

இப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாதா என்கிறீர்கள். ஆட்களைத் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன். எழுதும்போது ‘நினைத்தேன்’ என்றே எழுதுங்கள். ‘நம்பினேன்’ என்று மாற்ற வேண்டாம். சீசனில் இந்தத் தோட்டம் யாரையும் சும்மா திருப்பி அனுப்பியதில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

எட்டேகாலுக்கு அம்மா வரவில்லை. கூறைச்சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் ஏறினேன். பஸ் நாலாம் நம்பருக்குக் கீழே கேரட் மூட்டை ஏற்ற நின்றது. எமரால்டு ஊர்க் கேரட், பதினோரு மூட்டை. கண்டக்டருக்கும் மூட்டைக்காரருக்கும் தகராறு வேறு. நன்றாக ஐந்து நிமிஷம் நின்றது. ஜன்னல் வழியாக மேலே பார்த்தேன். வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கை மற்றவர்களைவிட வேகமாகப் போனது. ஒரு கூடை நிரப்பிவிட்டால் பதினோரு மணி பஸ்ஸுக்கு விடுவதாக நல்லசாமி சொல்லியிருந்தாராம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த பஸ் மூன்று மணிக்குப் போய்ச் சேராது என்று அவளுக்குத் தெரியாது. புளி போட்டுத் தேய்த்த அந்த விரல்களால் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பஸ்ஸைப் பார்த்தாள். கையை உயர்த்தி ஆட்டினாள்.

நானும் கை ஆட்டினேன்.

இறங்கவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் கொடி எப்படி மாறியது என்று கேட்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் போனால் மூன்று மணிக்குச் சேர முடியாது. ஒருவருடைய பெயரை அங்கே ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள், ஐயா. மருந்து என்ன பெரிய மருந்து, கொஞ்சம் தலை சுற்றும், மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று குன்னூர் வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேட்டுப்பாளையத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெயில் நன்றாக இருந்தது.

என் பெயரைச் சரியாகவே கூப்பிட்டார்கள். கை தட்டியது யாரென்று தெரியாது, ஆனால் தட்டினார்கள்.

எட்டுப் பேர் மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள். அம்மாவுக்குத்தான் இருபது நாள். விரல்களில் தோலே இல்லை, மருந்து நேராக உள்ளே இறங்கிவிட்டது, இந்த அம்மாள் கையை என்ன செய்தாள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். வேலை செய்கிற கை சார் என்றேன். இப்போது உயிருக்கு ஒன்றுமில்லை. டம்ளரைப் பிடித்தால் நடுங்குகிறது. இனிக் கொழுந்து எடுக்க ஆகாதாம். நான் படித்ததே அவள் இனிக் கொழுந்து எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இருபது நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், நோயாளி பக்கத்தில் ஆள் வேண்டாமா? கருப்புசாமி அண்ணன் தினமும் வந்து கட்டில் ஓரத்தில் நின்று அழுதார். “நாலாம் நம்பர்லதானுங்க நட்டேன், சத்தியமா நட்டேனுங்க,” என்பார். “கொடிய மாத்துனவன் வெளங்கவே மாட்டான்,” என்று அம்மா சாபம் விடுவாள். மாற்றியது ஆண்பிள்ளைதான் என்று இருவருக்கும் எப்படி அவ்வளவு நிச்சயமோ. நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அந்தக் காகிதத்தை மூடி வைக்க வேண்டாம். படித்த பெண், எதற்கு வம்பு, கருப்புசாமி தவறியதாகவே இருக்கட்டும், ஆபீசில் குமாஸ்தா வேலை ஒன்று காலியிருக்கிறது என்று நீங்கள் சொல்ல வருவது புரிகிறது. இந்த ஆபீசில் எனக்கு நாற்காலி வேண்டும் என்று கேட்டேன், கொடுத்துவிட்டீர்கள். அது போதும். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெயருக்குப் பின்னால் பி.ஏ. இருக்கிறது, அடிக்காதீர்கள். அங்கியை அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், இன்னும் கொடுக்கவில்லை. அதையும் குற்றத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். போலீசுக்கு அனுப்புவதென்றால் நாளைக்கு அனுப்புங்கள். இன்று ஊட்டியில் வேலை இருக்கிறது.

எழுந்துவிட்டேன். நாற்காலியை எடுத்த இடத்தில் நானே போட்டுவிடுகிறேன்.

அம்மா வெளியே நிற்கிறாள். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், ஆபீஸ் வாசலில் மாட்டேன் என்கிறாள். கூறைச்சேலை கட்டிவிட்டிருக்கிறேன். ஸ்டூடியோவில் அந்த அங்கியை அவளுக்கே போட்டுப் போட்டோ எடுக்கப்போகிறேன். நீளமான கை, நடுங்குகிற விரலெல்லாம் உள்ளே போய்விடும். கொடி விஷயத்தை போட்டோ எடுத்த பிறகுதான் அவளிடம் சொல்வேன். நீங்களும் இப்போது ஜன்னல் பக்கம் வந்து எதுவும் சொல்லிவிடாதீர்கள். முன்னாலேயே தெரிந்தால் சிரிக்க மாட்டாள். அவள் சிரிக்காமல் அந்தப் படத்தை வைத்து நான் என்ன செய்ய?