வெள்ளிக்கிழமை எழுந்த புகை பற்றி மஸாஹிரா சொன்னது

பெயர்: அப்துல் வாஹித் மஸாஹிரா. வயது: 43. தொழில்: அக்குறணையில் தையற்கடை நடத்துதல். முகவரி: இல. 14/3, பள்ளிவாசல் ஒழுங்கை, அலவத்துகொட. மேற்படியார் திங்கட்கிழமை முற்பகல் 10.20 மணிக்குத் தாமாகவே பொலிஸ் நிலையத்துக்குச் சமுகமளித்துக் கூறுவதாவது:

கடந்த வெள்ளிக்கிழமை என் வீட்டில் தீப்பிடித்ததாகத் தகவல் போய்த் தீயணைப்பு வண்டி வந்தது. தீ எதுவும் இருக்கவில்லை. தகவல் கொடுத்த அயல்வீட்டுப் பத்மாதேவி டீச்சரை விசாரணைக்கு அழைத்ததாக அறிந்து, அவரை அலைக்கழிக்க வேண்டாம் என்று நானே வந்தேன். குற்றம் ஏதும் இருந்தால் அது என்னுடையது. அதிலும் பாதி என் கணவருடையது.

என் கணவர் ஸாகி இரண்டு வருடங்களுக்கு முன் கத்தாருக்கு வேலைக்குப் போகும்போது, எங்கள் காரைக் காட்டி, "கிழமைக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க, ஓட்ட வாணாம்" என்று சொன்னார். நானும் சொல் தட்டாமல் அப்படியே செய்து வந்தேன். எஞ்சின் சூடேறும் முன்பே ஒவ்வொரு தடவையும் நிறுத்தியதால் உள்ளே ஈரம் தங்கி, ஒயில் சேறாகிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் கார் டக் டக் என்று சத்தம் போடத் தொடங்கியது. கணவரின் தம்பி ருஷ்தி, கார் திருத்தும் ஒரு கராஜ் பாஸைக் கூட்டி வந்தார். பாஸ் பொனட்டைக்கூடத் திறக்காமல், எஞ்சின் முடிந்தது, வேறொன்று போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். கணவர் ஞாயிறு காலை கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குவதாக இருந்தது. ருஷ்தி அதற்கு ஒரு வேனைப் பேசி வைத்தார். ஆனால் அந்தக் காரிலேயே, நானே ஓட்டிப்போய் அவரை ஏற்றி வருவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவர் போன பிறகு நான் லைசன் எடுத்தேன். எடுத்ததை அவர் நம்பினார், ஓட்டுவேன் என்பதை நம்பவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

என் கடையில் உள்ள ஏழு தையல் மெஷின்களையும் கழற்றிப் பூட்டுவது நான்தான். எண்ணெய் போய்ச் சேராத மெஷின் எப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ ட்ரைவரின் நுனியை அதன்மேல் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் மேற்பக்கத்தில் இருந்தது. அடியில் இருந்திருந்தால் பாஸ் சொன்னது சரி. அதன் பின்பு எஞ்சினை நிறுத்தி ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உள்ளே அடிப்பிடித்த தொதல் இனிப்பு மாதிரிக் கறுப்பாக அப்பியிருந்தது.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, காரை உயர்த்திக் கட்டை வைத்து, எஞ்சினின் மேல் மூடியையும் அடித்தட்டையும் கழற்றினேன். அடித்தட்டுக்குள் ஒயிலை உறிஞ்சும் வலை முழுதாக அடைபட்டிருந்தது. நோய் அதுதான். சேற்றைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து வாளியில் சேர்த்தேன். வலையை மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவிக் காய வைத்தேன். அதன் பின்பு ஒயில் கசியாமல் இருக்கப் புது பெக்கிங் வைத்துப் பூட்டிப் புது ஒயில் ஊற்றினேன். அதைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, மிச்சச் சேற்றோடு இறக்கி, மறுபடி ஒயில் மாற்ற வேண்டும்.

இந்த வேலைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தை நான் தெரிந்தேதான் எடுத்தேன். எங்கள் ஒழுங்கையில் பொனட் திறந்திருந்தால் போகிற வருகிற ஆண்கள் எல்லாரும் மதிலில் கை வைத்து நின்று யோசனை சொல்வார்கள். அவர்கள் அத்தனை பேரும் பள்ளிக்குள் இருப்பது கிழமையில் அந்த ஒரு மணி நேரம்தான்.

பகல் 12.30 அளவில் ஸ்டார்ட் செய்தேன். முதலில் பழைய சத்தமே வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பத்தாவது நிமிடம் அறவே நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்த மயக்கத்தில், ஊற்றும்போது சைலன்சர் குழாயில் சிந்திய ஒயில் சூடேறிப் புகைந்ததை நான் கவனிக்கவில்லை. சுற்றிலும் மறைப்பாக நான் கட்டியிருந்த தறப்பாளுக்கு மேலாகப் புகை எழுந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பத்மாதேவி டீச்சர் மதிலுக்கு அப்பாலிருந்து, "பிள்ளை, உள்ளுக்கையே நிக்கிறாய்? ஓடி வெளியில வா!" என்று கத்தியது எஞ்சின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. பதில் வராததால்தான் அவர் தீயணைப்புக்கு அறிவித்தார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

வண்டி வந்தபோது ஒழுங்கையின் இரு பக்கமும் தொழ வந்தவர்களின் வாகனங்கள் நின்றன. வழி விடும்படி பள்ளி ஒலிபெருக்கியில், என் வீட்டைச் சொல்லியே அறிவித்தார்கள். தொழுகை அப்போதுதான் முடிந்திருந்தது. ஒரு ஆணும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்த என் வாசலில் முந்நூறு ஆண்கள் வந்து நின்றார்கள். நான் முகமெல்லாம் ஒயிலோடு நின்றேன். வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ருஷ்தி முன்னால் வந்து, நான் நிறுத்தியிருந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, குனிந்து கேட்டார். பிறகு, "மதினி, வேன் வாணாமுண்டு சொல்லட்டா?" என்றார். சொல்லுங்கள் என்றேன்.

அதன் பின்பு குழாயைத் துடைத்து, ஒயிலை மாற்றினேன். ஞாயிறு விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டுத் தனியாகப் புறப்பட்டு, கடுகண்ணாவை மலைப்பாதையில் இறங்கி, நேரத்துக்கு விமான நிலையம் சேர்ந்தேன். கணவர் பெட்டிகளை ஏற்றிவிட்டு இடப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். முன்னால் நின்ற வாகனம் நகரும் வரை நான் காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "என்ன, ஸ்டார்ட் ஆகுதில்லயா? எறங்கித் தள்ளவா?" என்று கேட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் செய்ததும் கண்டதும் இவ்வளவே. இதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சரியென்று கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. வா. மஸாஹிரா