முள்ளின் எடை

இசைத்தட்டை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. எருத்தேன்பதி பொங்கியண்ணன் வீட்டில் மட்டும் நான் சொன்னதையெல்லாம் கேட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. கோயில் நோம்பிக்கு மைக் செட்டும் கட்டுவேன். பொங்கியண்ணனின் ஒரே மகள் ருக்குமணி எல்லா நோம்பியிலும் பாடுவாள். எழுபத்து மூன்றில் மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் அவள் பாட்டைப் பதிவு செய்தார்கள். மாதிரித் தட்டு வந்தது. மற்றவற்றை அச்சடிப்பதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். வயது இருபத்தொன்று. மீதி வேண்டாம் என்று பொங்கியண்ணன் கடிதம் எழுதிவிட்டார்.

அந்தத் தட்டுக்காகவே அவர் சிங்கப்பூர் பிளேயர் ஒன்று வாங்கினார். பொருத்தியது நான். அதன் முள் தரும் ஒலி மிக மெல்லியது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகுமுன் அதைப் பெருக்க ஒரு சிறு பெட்டி வேண்டும், ப்ரீஆம்ப் என்போம். என் கையால் செய்தேன். பெருக்கம் குறைந்தால் இரைச்சல்தான் கேட்கும், கூடினால் குரல் கிழியும். முள் தட்டை அழுத்தும் எடை இரண்டு கிராம் இருக்க வேண்டும். பொன் நிறுக்கும் தராசை இரவல் வாங்கி நிறுத்தேன். முதல் தடவை ஓடியபோது ருக்குமணி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவள் அம்மா மருதாத்தாள் எழுந்து போய் உள்ளறைக் கதவைத் திறந்து பார்த்தார்.

பிறகு தினமும் காலையும் மாலையும் தட்டு ஓடியது. மருதாத்தாள் மகளுக்கும் சேர்த்துச் சாப்பாட்டு இலை போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். அது நல்லதாகப் படவில்லை. போனவளைப் போக விட வேண்டும். அதற்கு யாராவது உதவ வேண்டியிருந்தது.

மாதம் ஒருமுறை செட்டைச் சுத்தம் செய்யப் போவேன். ஆடியில் போனபோது முள் இருக்கும் கையின் பின்பக்க எடையைத் திருகி ஆறு கிராம் ஆக்கினேன். முள்ளையும் மாற்றி, நுனி உடைந்த ஒன்றை வைத்தேன். அப்படிப்பட்ட முள் தட்டின் கோடுகளைச் செதுக்கிக்கொண்டே போகும். முதலில் 'ச' எழுத்தின் ஒலி தேயும், பிறகு மூச்சு. குரல் மங்குவது சட்டென்று தெரியாதபடி மாதாமாதம் ப்ரீஆம்ப்பின் பெருக்கத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

கார்த்திகையில் மருதாத்தாள் கேட்டார். "ஏந்தம்பி, முன்ன ஊட்டுக்குள்ள நின்னு பாடுனா. இப்ப களத்துமேட்டுல நின்னு பாடறாப்புல இருக்குதே?"

"செட்டுல ஒண்ணும் கொறை இல்லீங்கம்மா. உங்க காதுதான் மந்தமாவுது," என்றேன்.

நம்பினார். பொள்ளாச்சிக்கு பஸ் ஏறிப் போய்க் காட்டினார். காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அவர் வேறு முடிவுக்கு வந்தார். காமாலை என்று தெரியாமல் கஷாயம் கொடுத்து நாள் கடத்தியதால் மகள் தன்மேல் கோபமாக விலகிப் போகிறாள் என்று. இதைப் பொங்கியண்ணன் சொன்னபோது நான் ஒரு ரேடியோ வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றே எடையைக் குறைத்திருக்கலாம். வேலையைப் பாதியில் விடுவது என் வழக்கமல்ல.

தை முடிவதற்குள் தட்டில் இரைச்சல் மட்டுமே மிஞ்சியது. மருதாத்தாள் ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தபடி உட்கார்ந்திருப்பாராம். சாப்பாடு நின்றது. மாசி பதினெட்டாம் தேதி இறந்தார்.

காரியம் முடிந்து பொங்கியண்ணன் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க, அந்தத் தட்டு இன்னொண்ணு எங்கயாச்சும் இருக்குமுங்களா? எனக்கு ஒருக்கா கேக்கோணும்."

இல்லை என்றேன்.

மெட்ராஸ் பார்சல் என் கடை விலாசத்துக்குத்தான் வந்தது. உள்ளே இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றைத்தான் கொடுத்தேன். மற்றது என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. தேயக் கூடாது என்று வாரத்துக்கு ஒருமுறைதான் போடுகிறேன். ருக்குமணி எனக்காகவே பாடுகிறாள். நேரில் பார்த்தபோதெல்லாம் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். தட்டில் அந்த வார்த்தை இல்லை.